பாதியில் நிறுத்தக் கூடாத பாட்டு

1

“அம்மா, அப்பா செத்த திகதி வேறை, நீங்கள் சொல்லுற நாள் வேறை. நான் எதுக்கு லீவு போடுறது?”

மகள் துளசி பேர்ணில் இருந்து தொலைபேசியில் கேட்டாள். என் கணவரின் ஆட்டத்திவசத்துக்கு, அதாவது முதல் வருடத் திவசத்துக்கு, நாள் பார்த்துச் சொன்னபோது வந்த கேள்வி இது. பஞ்சாங்கத்தின்படி திதி ஒரு நாள், மரணச் சான்றிதழில் இன்னொரு நாள். வளர்பிறை, தேய்பிறை எல்லாம் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரியம்மா, அப்ப சந்திரன்ரை நாளுக்கே போடுறன்” என்றாள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை. சந்திரனைக் காட்டி எப்படி விடுப்புக் கேட்டாளோ தெரியாது.

எனக்கும் அதே பாடுதான். நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறவள். எங்கள் அலுவலகத்தில் இருக்கிற பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மரண விடுப்பா? ஆனால் உங்கள் கணவர் போன வருடமே இறந்துவிட்டாரே” என்றாள். ஓம், போன வருடம்தான் இறந்தார், இந்த வருடமும் இறந்தவராகத்தான் இருக்கிறார் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சாதாரண விடுப்பு என்று பதிந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை திவசம்.

இதை எழுத உட்கார்ந்தது திவசத்தைப் பற்றிச் சொல்ல அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே ஒரு தேவாலயத்தில் சுவிஸ்காரரோடு வரிசையில் நின்று, பிரேசில் நாட்டுச் செத்த வீட்டுப் பாட்டு ஒன்றைப் பாடினேன். அதை யாரோ படம் பிடித்து அனுப்ப, மூன்று நாள் ஆவதற்குள் ஊரில், யாழ்ப்பாணத்தில் இருந்து, இரண்டு பேர் போன் எடுத்து, “உண்மையோ?” என்று கேட்டுவிட்டார்கள். உண்மைதான். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் எல்லோருக்குமாக ஒருதரம் எழுதுகிறேன்.

2

நான் இருக்கிற பீல் நகரத்தில் தெருப் பெயர்கூட இரண்டு பாஷையில் இருக்கும். அகதி முகாமில் எனக்குப் படிப்பித்தது டொச், ஜெர்மன் பாஷை. தொழிற்சாலையில் பக்கத்து மேசைகளில் கதைப்பது பிரெஞ்சு. அதனால் நான் ஒரு வசனத்தை டொச்சில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிப்பேன். நகரசபைக் கவுண்டரில் இருக்கிறவர்கள் நான் எந்த இடத்தில் தாவினேன் என்று தெரியாமல் விழிப்பார்கள். முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. இன்னும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

இவர் போன பிறகும் இவருக்கு வருகிற கடிதங்கள் போகவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் மரணச் சான்றிதழின் பிரதி கேட்டது. ஓர் இடத்துக்கு அனுப்பினால் அது பக்கத்து மேசைக்குத் தெரியாது. ஓர் அலுவலகம் அவர் இறந்ததை உறுதிப்படுத்தும்படி அவருடைய பெயருக்கே எழுதியது. அதைப் படித்து நான் சிரித்தேன், பிறகு குசினியில் அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன். என் வதிவிட அனுமதியைப் புதுப்பித்தபோது ‘விதவை’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டியிருந்தது. துளசிதான் போட்டாள். எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள். ஞாயிறு தோறும் வருவாள், கடிதங்களைப் பிரிப்பாள், பதில் எழுதுவாள், அச்செடுப்பாள். எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது அதுதான். எதற்கு எந்தப் பிரதி, எதற்கு யாருடைய கையெழுத்து. சாப்பிட்டாயா என்று கேட்டால் “ஓம்” என்பாள். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள் மொனிக். அவளும் முள் பொருத்துகிறவள்தான். ஒரு நாள் கண்ணில் இருந்த பூதக்கண்ணாடியை எடுக்காமலே சொன்னாள்.

“மதாம் சிவா, காலையில் வணக்கம் சொல்கிறாய். பின்னேரம் போய்வருகிறேன் என்கிறாய். நடுவில் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை என்னோடு பாட வா.”

சிவா என்பது என் கணவரின் பெயர். காகிதத்தில் அது என் குடும்பப் பெயராகிவிட்டது. அவர் போய் ஒரு வருடமாக எல்லோரும் என்னை அவருடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஏன் போனேன் என்று கேட்டால், பாட்டில் உள்ள ஆசையால் அல்ல. இவர் வைத்தியசாலைக் குசினியில் வேலை செய்தவர். செவ்வாய்க்கிழமைதான் இவருக்குப் பின்னேர வேலை இல்லாத நாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்து சாப்பிடுகிற நாள். அந்த நாளைக் கொண்டுபோய்த் தள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பது பேர் வரையில் நின்றார்கள். என்னைத் தடித்த குரல்காரிகளின் வரிசையில் மொனிக்குக்குப் பக்கத்தில் விட்டார்கள். ஒருவரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

3

எங்களைப் பாட வைப்பவர் லூசியா. பிரேசிலின் வடகிழக்கில், மழை பொய்க்கிற ஒரு ஊரில் பிறந்தவர். இங்கே ஒருவரைக் கலியாணம் செய்து வந்து, என்னைவிடக் குறைந்த காலத்தில் என்னைவிட நல்ல பிரெஞ்சு கதைக்கிறவர். குளிர்காலம் முடிகிற நேரம் புதுத் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இது இடுப்பை ஆட்டுகிற பாட்டு இல்லை” என்று முதலே சொல்லிவிட்டார். பிரேசில் என்றதும் சிலர் ஏற்கெனவே காலை ஆட்டத் தொடங்கியிருந்தார்கள். “எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் பெண்கள் உடலைச் சுற்றியிருந்து பாடுவது. வாத்தியம் இல்லை. பன்னிரண்டு தரம் பாட வேண்டும். ஒவ்வொரு தரமும் எண் மட்டும் மாறும், மற்றச் சொல் மாறாது. தொடங்கினால் முடிக்க வேண்டும். நடுவில் விட்டால் போகிறவர் பாதி வழியில் நிற்பார் என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள்.”

எல்லோரும் “ஓ” என்றார்கள். மொனிக் அதைப் பென்சிலால் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. மண்டபத்தில் வெப்பமூட்டி நன்றாகத்தான் வேலை செய்தது.

மெட்டு பெரிதாக ஒன்றுமில்லை. நம்முடைய ஒப்பாரிபோல ஏறி இறங்காது. களைத்த ஆள் நடக்கிற மாதிரி ஒரே மட்டத்தில் போகும். சொற்களை நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். மொனிக் எட்டிப் பார்த்து, அது எங்கள் நாட்டு இசைக் குறிப்பா என்று கேட்டாள். ஓம் என்றேன். விளங்கப்படுத்தக் களைப்பாக இருந்தது.

4

எனக்கு ஏன் கை குளிர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

இவரை எரித்த இடத்தில் எங்களுக்கு மண்டபத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குத் தந்தார்கள். தந்தார்கள் என்பது பிழை, துளசி அலைந்து கேட்டு எடுத்தாள். இங்கத்தையவர்களுக்குக் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம். நெருப்புப் பந்தம் பிடிக்க விடமாட்டோம் என்றார்கள். சரி என்றோம். பறை கைத்தொலைபேசியில் இருந்து வந்தது. சின்ன உரலும் உலக்கையும் எங்கள் ஆட்களுக்குள் ஒருவருடைய நிலவறையில் எப்போதும் இருக்கும். செத்த வீட்டுக்குச் செத்த வீடு கைமாறி வந்துகொண்டிருக்கும். அது வந்தது.

இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்துச் சைவச் செத்த வீட்டில் சுண்ணம் இடிப்பது என்று ஒன்று உண்டு. உரலில் இடிக்க இடிக்க ஒருவர் பாட்டைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். நீண்ட பாட்டு. அது முடிந்த பிறகுதான் மற்றச் சடங்கெல்லாம். இங்கே அதை முழுதாகப் பாடத் தெரிந்தவர் குகன் அண்ணை ஒருவர்தான். பகலில் தபால் பிரிக்கிற வேலை, கூப்பிட்ட செத்த வீட்டுக்கெல்லாம் வருவார்.

அவர் பாடினார். பாதிக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும். வெளிக் கதவைத் திறந்துகொண்டு துளசி உள்ளே வந்தாள். சனத்துக்குப் பின்னால் சுவரோரமாக நடந்து போய், குகன் அண்ணையின் முழங்கையைத் தொட்டு, காதில் என்னவோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். கையில் இருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார். உலக்கை நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தன. வாய்க்கரிசி போட்டோம், பெட்டியை மூடினார்கள், திரை விலகியது, இவர் போனார்.

துளசி என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் பார்த்தாள். அவ்வளவுதான். அதைப் பற்றி ஒரு வருடமாக நாங்கள் ஒரு சொல் கதைக்கவில்லை.

ஊரில் என் பெரியப்பா செத்தபோது சண்டைக் காலம், மேலே ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. முற்றத்தில் நின்று பாட முடியாது. பாடிய மனிதர் உரலை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குள் போனார். மாட்டை அவிழ்த்து வெளியே விட்டுவிட்டு நாங்கள் உள்ளே குந்தினோம். சாணி மணத்துக்குள் இருந்து, ஒரு வரி விடாமல் பாடி முடித்த பிறகுதான் அவர் வெளியே தலையை நீட்டினார். அந்தப் பயத்திலும் முடிந்த பாட்டு, ஒரு சத்தம் சந்தடி இல்லாத இந்த நாட்டில் முடியவில்லை. இந்த ஒரு கணக்கைத்தான் வருடம் முழுக்க எனக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு மகள் மேல் கோபம். கறுப்புக் கோட்டோடு மணி பார்த்துக்கொண்டு நின்ற அந்த மண்டபத்துக்காரருக்கு முன்னால், உரலும் உலக்கையுமாக நிற்க அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது என்று நினைத்தேன். இங்கே பிறந்த பிள்ளை, அவர்களுடைய மணிக்கூட்டுக்குத்தான் பயப்படும் என்று நினைத்தேன். அந்த மணிக்கூட்டைச் செய்து கொடுக்கிறவளே நான்தான் என்பது வேறு கதை.

5

செத்த வீட்டுப் பாட்டை இருக்கிற வீட்டில் பாடிப் பழகக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். எங்கள் வீடு இருக்கிற வீடா, செத்த வீடா என்பது எனக்கே தெளிவில்லை, வருடம் இன்னும் திரும்பவில்லையே. எதற்கும் என்று நிலக்கீழ் அறைக்குப் போனேன். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறைக்கு முறை உண்டு. என் முறை வருகிற நாளில் மெஷினைப் போட்டுவிட்டு அதன் சத்தத்துக்குள் நின்று பாடினேன். மூன்றாம் மாடியில் இருக்கிற கிழவர் உடுப்புக் கூடையோடு வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

“பாட்டு நல்லது” என்றார். “ஆனால் எட்டு மணிக்குப் பிறகு மெஷினும் ஓடக் கூடாது, நீங்களும் ஓடக் கூடாது.”

அவர் பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. இங்கே அதைப் பிரித்தறிவது கடினம்.

பன்னிரண்டு எண்களையும் வேலை மேசையில் இருந்து பாடமாக்கினேன். என் கைக்கு வருகிற ஒவ்வொரு முகப்பிலும் பன்னிரண்டு எண் இருக்கிறது, வேறு புத்தகம் தேவைப்படவில்லை. சிங்கு, செய்ஸ், செட்சி என்று ஐந்து, ஆறு, ஏழைப் போர்த்துக்கேயத்தில் மனதுக்குள் சொல்லிக்கொண்டே முள்ளை வைப்பேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் நேரம் போவது தெரியாமல் போனது.

கச்சேரி திவசத்துக்கு முந்தின ஞாயிறு என்று தெரிந்ததும் பரமேஸ் அக்கா போன் எடுத்தா. இங்கே கோயிலில் எனக்குப் பழக்கமானவ. செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து சமைத்துப் போட்டவ, அதனால் எதையும் சொல்ல உரிமை உள்ளவ.

“வசந்தி, நான் கேள்விப்பட்டது மெய்யோ? வருசம் திரும்பேல்லை, நீ மேடையிலை ஏறப்போறியாம்.”

“மேடை இல்லை அக்கா, சேர்ச்.”

“எங்கையெண்டாலும் பாட்டுத்தானே. புருசன் செத்து ஆட்டத்திவசம் முடியேல்லை, பாட்டுப் பாடுறா எண்டு சனம் கதைக்கும்.”

“செத்த வீட்டுப் பாட்டுத்தான் அக்கா.”

“அது அதைவிடக் கூடாது!”

உண்மையைச் சொன்னால், அதுவரை எனக்குப் போவதா விடுவதா என்று இரண்டு மனம். சனம் கதைக்கும் என்றதும் போக வேண்டும்போல ஆகிவிட்டது. இவருடைய நோய் பெருத்த மாதங்களில் அந்தச் சனத்தில் எத்தனை பேர் எங்களோடு கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

6

கச்சேரிக்குக் கொஞ்ச நாள் முன்னால், பாட்டுப் பழகி முடிந்த நேரத்தில் லூசியா கையைத் தட்டினார். நிகழ்ச்சி நீண்டுவிட்டதாம். தேவாலயத்தை ஆறரைக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமாம். அதனால் பிரேசில் பாட்டில் நான்கு தரம் போதும் என்றார்.

நான் அந்தக் குழுவில் அதுவரை வணக்கத்துக்கு மேல் வாய் திறந்தவள் இல்லை. கை தானாக மேலே போனது.

“நீங்கள் சொன்னீர்கள், நிறுத்தக் கூடாது என்று.”

“ஓம், சொன்னேன். ஆனால் அவர்களுக்கு விடியும் வரை நேரம் இருந்தது, மதாம் சிவா. எங்களுக்கு ஆறரை வரைதான்.”

“முடிக்க முடியாவிட்டால் தொடங்கக் கூடாது.”

டொச்சில் தொடங்கியிருந்தேன், கடைசிச் சொல் பிரெஞ்சில் வந்தது. மண்டபம் அமைதியாகிவிட்டது. இந்த நாட்டில் ஒரு பிரச்சினைக்கு அமைதி வந்தால், அடுத்து வருவது வாக்கெடுப்பு. லூசியா சிரித்தபடி, சரி, பன்னிரண்டும் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். நான் தூக்கினேன். மொனிக் தூக்கினாள். பின்வரிசையில் தடித்த குரல் பாடுகிற ஒரு கிழவர் தூக்கினார். அவர் எதற்கும் கை தூக்குகிறவராம், பிறகு சொன்னார்கள். நான்கு போதும் என்று மற்றவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். யாருக்கும் கோபமில்லை. அதன் பிறகு ஒரு பெண் வீட்டில் செய்து கொண்டுவந்த கேக்கை வெட்டி, முதல் துண்டை எனக்குத்தான் தந்தாள். இங்கே தோற்றவர்களுக்கும் கேக் உண்டு.

வெளியே சைக்கிள் எடுக்கிற இடத்தில் லூசியா என் தோளில் கை வைத்தார். “மிச்சத்தை மனதுக்குள் பாடி முடியுங்கள். எங்கள் மாமா செத்தபோது பன்னிரண்டும் பாடினார்கள். நான் மூன்றாவதிலேயே நித்திரையாகிவிட்டேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மனதுக்குள் முடிக்கலாம் என்றால் மனதுக்குள்ளேயே தொடங்கியிருக்கலாமே. அவருடைய பாட்டை அவரே வெட்டுகிறார், யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி நின்று மல்லுக்கட்டுகிறாள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் நான் வாதாடியது பிரேசிலுக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும்.

7

ஞாயிறு பின்னேரம் தேவாலயம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. எல்லோரும் கறுப்பு உடுப்பு. நானும் கறுப்புக் காற்சட்டையும் சட்டையும்தான். எங்கள் ஆட்கள் பார்த்தால் அதற்கும் ஒரு கதை வரும் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் வந்தும் விட்டது.

துளசி பேர்ணில் இருந்து வந்திருந்தாள். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. மொனிக்தான் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தபோது விளம்பரத் தாளை அவளிடம் கொடுத்திருக்கிறாள். மூன்றாவது வரிசை ஓரத்தில், தோளில் இருந்து பையைக்கூடக் கழற்றாமல் இருந்தாள். கையில் நிகழ்ச்சித் தாள். அதில் எங்கள் பாட்டுக்குக் கீழே, இது தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாத பாட்டு என்று இரண்டு பாஷையிலும் அழகாக அச்சடித்திருந்தது. அதற்கு அடுத்த வரியில், இன்று ஒன்று தொடக்கம் நான்கு வரை பாடப்படும் என்றும் அச்சடித்திருந்தது. இந்த நாட்டில் பொய் சொல்ல மாட்டார்கள்.

பாடினோம். ஒன்று. இரண்டு. கல் மண்டபத்துக்குள் அந்தப் பாட்டு நாங்கள் பழகிய இடத்தில் ஒலித்ததைவிடப் பெரிதாக ஒலித்தது. மூன்றாவதில் என் குரல் எது, மொனிக்கின் குரல் எது என்று எனக்குத் தெரியவில்லை. நான்காவது முடிந்தது. லூசியாவின் கை மூடியது.

ஐந்தாவது என் தொண்டைக்குள் வந்து நின்றது. வாயைத் திறந்திருந்தால் வெளியே வந்திருக்கும். நான் திறக்கவில்லை. பயத்தினால் அல்ல. வாக்கெடுப்பில் தோற்றது தோற்றதுதான், அத்தனை பேருடைய பாட்டைக் குழப்ப எனக்கு உரிமையில்லை. அவ்வளவுக்கு நானும் இந்த ஊராள் ஆகிவிட்டேன். சனம் கை தட்டியது. துளசி தட்டவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8

முடிந்த பிறகு வைனும் சீஸும் கொடுத்தார்கள். துளசிக்கு ரயில் இருந்தது, நானும் அதைச் சாட்டி வெளிக்கிட்டேன். கால்வாய்க் கரையோடு ஸ்டேசனுக்கு நடந்தோம். வெயில் இன்னும் இருந்தது.

“அம்மா, அந்தப் பாட்டு முடியேல்லை என்ன?”

“ஓம். நாலோடை நிப்பாட்டினது.”

“நிப்பாட்டக் கூடாது எண்டு எழுதியிருக்கு.”

“எழுதியிருக்குத்தான்.”

ஸ்டேசனில் ரயில் மேடை வாங்கு ஒன்றில் உட்கார்ந்தோம். அவள் பையை மடியில் வைத்து அதன் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் பாடம் தெரியாவிட்டாலும் இப்படித்தான் செய்வாள்.

“நீங்கள் ஏனம்மா என்னை ஒண்டும் கேக்கேல்லை?”

எதை என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

“என்னத்தைக் கேக்கிறது? நேரம் முடிஞ்சுது, நிப்பாட்டினாய். இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி.”

“நேரம் முடியேல்லை.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“நேரம் இருந்தது, அம்மா. அந்தக் கோட்டுப் போட்ட மனுசன் என்னட்டை நிப்பாட்டச் சொல்லேல்லை. அவசரமில்லை, முடியுங்கோ எண்டுதான் சொன்னவர். நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்.”

“ஏன்?”

“வெளியிலை அடுத்த ஆக்கள் முன்னுக்கே வந்திட்டினம். ஒரு தாயும் தகப்பனும். கூட வேறை ஒருத்தருமில்லை. மழை வேறை. தகப்பன்ரை கையிலை ஒரு வெள்ளைப் பெட்டி.” துளசி பையை விட்டுவிட்டுக் கைகளால் அளவு காட்டினாள். ஒரு பாண் ரொட்டி வைக்கிற பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. “வாங்கு இருந்தது, மேசை இருந்தது. அந்தாள் கீழை வைக்கேல்லை. எங்கடை உலக்கைச் சத்தம் வெளியிலை நல்லாக் கேட்டது. ஒவ்வொரு இடிக்கும் அந்த மனுசி திடுக்கிட்டுத் திடுக்கிட்டு… என்னாலை பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல் போட்டுது.”

ஒரு வருடமாக அடுக்கி வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இவரை நினைத்தேன். இவர் பஸ்ஸில் களைத்து வந்து இருந்தாலும், பிள்ளையோடு யாரும் ஏறினால் முதல் ஆளாக எழும்புகிறவர். தன் முறையிலும் எழும்பித்தான் போயிருக்கிறார்.

“ஏனடி பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“அண்டைக்கு எப்பிடியம்மா சொல்லுறது? அப்பாவைக் கொண்டுபோன நேரம். பிறகு சொல்லுவம் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் வாறனான். நீங்கள் கடிதத்தைத் தூக்கி முன்னுக்கு வைப்பீங்கள்.”

அவள் அழுதாள். என் பிள்ளை அழுவதைப் பார்த்துக் கனகாலம். இவர் போன அன்றுகூட அவள் அழவில்லை, ஆட்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய தலையை இழுத்துத் தோளில் வைத்தேன். தலை பாரமாக இருந்தது. எனக்கு அவள் மேல் இருந்த அத்தனை கோபமும் வெட்கமாக மாறியது.

பேர்ண் ரயில் வந்து நின்றது. அவள் எழும்பவில்லை.

“ரயில், பிள்ளை.”

“அடுத்ததிலை போறன். நீங்கள் மிச்சத்தைப் பாடுங்கோ.”

“இஞ்சையோ? சனம் பாக்கும்.”

“பாக்கட்டும். அப்பாவுக்குப் பாதிதான் பாடினது. அந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.”

நான் ஐந்தாவதில் இருந்து தொடங்கினேன். சிங்கு. மெல்லிய குரலில்தான். ஞாயிறு பின்னேரம், பயணப் பெட்டிகளோடு சனம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பொடியன் காதில் இருந்ததைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டான். எண் மட்டும்தான் மாறுகிறது என்பது ஏழாவதில் துளசிக்குப் பிடிபட்டது. எண்ணை விட்டுவிட்டு மற்றச் சொற்களை என்னோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினாள். எத்தனையாவது என்று அவள் கண்ணால் கேட்க, நான் விரலைக் காட்டினேன். குரல் கரகரத்தது, கச்சேரியில் நின்ற கால் வலித்தது, நிறுத்தவில்லை.

பதினோராவதுக்கு என் கையில் விரல் இல்லை. துளசி தன் விரல் ஒன்றை என் விரல்களுக்குப் பக்கத்தில் நீட்டினாள். பிறகு இரண்டு. பன்னிரண்டாவதையும் முடித்தோம். அடுத்த ரயில் வந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போனாள்.